வானிலைக்குப் போகும் பட்டன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீ நலமா என்று எப்போதும் ஒரு வரி போட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் அடுத்த வரிக்கு ஓடிவிடுகிறவன் நான். இந்தத் தடவை அந்த ஒரு வரிக்காகத்தான் கடிதம் முழுவதும். ஃபோன் இருக்கும்போது கையால் எழுதி, அதையும் வீட்டு விலாசத்துக்கு அனுப்பாமல் நீ வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரிக்கு ஏன் அனுப்பியிருக்கிறார் இந்த மனுஷன், மூளை குழம்பிவிட்டதா என்று நினைப்பாய். குழம்பவில்லை பாப்பா, இப்போதுதான் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. பக்கத்தில் யாரும் இல்லாதபோது நிதானமாகப் படி. அம்மாவை எழுதச் சொன்னேன், நீங்க பண்ணின கூத்தை நீங்களே எழுதுங்க என்று பேனாவை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

முதலில் வீட்டுச் சேதி. அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை, மாடிப்படி ஏறினால்தான் முகம் சுளிக்கிறாள். மாடி வீட்டுத் தையல்காரர் புது மெஷின் வாங்கியிருக்கிறார், அது ஓடும்போது நம் வீட்டு அலமாரியில் டம்ளர்கள் கிடுகிடுவென்று ஆடுகின்றன, கேட்டால் பழைய மெஷினுக்கு இது எவ்வளவோ பரவாயில்லைங்க என்கிறார். வாசல் குழாய் இன்னும் ஒழுகுகிறது, நாளைக்கு நாளைக்கு என்று நான்தான் தள்ளிக்கொண்டே போகிறேன். இதெல்லாம் எழுதுவது சொல்ல வந்ததைச் சொல்லக் கூச்சப்பட்டுச் சுற்றி வளைப்பதுதான், உனக்கே தெரிந்திருக்கும்.

பள்ளிக்கூடத்து விஷயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், அதைச் சொன்னால்தான் மற்றது புரியும். பள்ளிகளுக்கு இடையில் இணையதளம் செய்யும் போட்டி என்று உன்னிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தேனே, அதற்கு அவர்கள் கொடுத்த தலைப்பு வீட்டுக்குள் நடக்கும் வன்முறை. தலைமையாசிரியை தயங்கினார், எட்டாவது படிக்கிற பிள்ளைங்களுக்கு எதுக்கு சார் இந்தப் பேச்செல்லாம் என்றார். பார்க்கிற வயசு வந்துட்டா பேசுற வயசும் வந்தாச்சு மேடம் என்று நான் ஒரு போடு போட்டேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். எனக்கே என் பேச்சு அவ்வளவு பிடித்துப்போய், வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் அதை இரண்டு தடவை சொல்லிக் காட்டினேன். பேச்சு மட்டும்தான் கண்ணு என்னிடம் இருந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வேலையைச் செய்தது பிள்ளைகள். அதில் ஒரு பெண், வகுப்பில் எல்லாரும் தீப்பெட்டி என்று கூப்பிடுவார்கள், ஆள் அவ்வளவு சின்னது, உரசினால் பற்றிக்கொள்ளும். படம் வரைய ஒட்டகம் என்று ஒரு நெட்டைப் பையன். வரிகள் முழுக்க அவள் எழுதினாள். அடிக்கிறது மட்டும் வன்முறை இல்லை, ஃபோனை வாங்கி வாங்கிப் பார்க்கிறது, யார்கிட்டப் பேசினே என்று துருவுகிறது, பிறந்த வீட்டோடு பேசும்போது பக்கத்திலேயே நிற்கிறது எல்லாமும் அதுதான் என்று ஒரு பக்கம். உங்களிடம் ஒருவர் சொல்ல வந்தால் என்று இன்னொரு பக்கம். நம்புகிறேன் என்று முதலில் சொல்லுங்கள், ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று கேட்காதீர்கள், சத்தம் போடாதீர்கள். இந்தப் பக்கத்தை நான் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தேன். எதற்கு என்கிறாய், எழுத்துப்பிழைக்கு. சிவப்புப் பேனாவால் ஏழெட்டு இடத்தில் சுழித்துவிட்டு நன்று என்று போட்டுக் கொடுத்தேன். எழுதியிருந்தது ஒன்றுகூட மண்டைக்குள் போகவில்லை.

அவள் எல்லாப் பக்கத்திலும் மேலே வலது மூலையில் ஒரு பட்டன் வைத்திருந்தாள். சிவப்பில், கட்டையாக, வெளியே போ என்று எழுதி. அமுக்கினால் நம் தளம் சட்டென்று மறைந்து வானிலைப் பக்கம் வந்து நிற்கும், இன்றைக்கு வெயில், நாளைக்கு மேகமூட்டம் என்று. இது என்னம்மா திருஷ்டிப் பொட்டு மாதிரி, நல்லா இருக்கிற முகப்பைக் கெடுக்குதே என்று கேட்டேன். படிச்சிட்டு இருக்கும்போது யாராச்சும் வந்துட்டா சார் என்றாள். வந்தா என்ன, நல்ல விஷயம்தானே, வர்றவங்களும் சேர்ந்து உட்கார்ந்து படிக்கட்டும் என்றேன். வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. சரி, அதுக்கு எதுக்கு வானிலை, விளையாட்டுச் செய்தி வைக்கலாமே என்று இன்னும் கொஞ்சம் வம்பிழுத்தேன். வானிலை பாத்தா ஏன் பாக்கிறேன்னு யாரும் கேக்க மாட்டாங்க சார் என்றாள். இதை அவள் சொன்ன விதம் இப்போதுதான் காதில் கேட்கிறது. அன்றைக்கு நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தளத்தை அனுப்ப வேண்டிய கடைசிச் சனிக்கிழமை மத்தியானம் அறையில் நான் மட்டும் இருந்தேன். நடுவர்கள் அந்தப் பட்டனைத் தெரியாமல் அமுக்கி, தளம் பாதியில் அறுந்து போகிறது, சரியாகச் செய்யவில்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டால் என்ன பண்ணுவது என்று பயம். வருஷா வருஷம் மூன்றாவது இடம் வாங்கி வாங்கி எனக்குச் சலித்துப்போயிருந்தது. பட்டனை எடுத்துவிட்டேன். அந்த மூலை மொட்டையாக இருந்ததால் நம் பள்ளிச் சின்னத்தை அங்கே வைத்தேன். வைத்ததோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, உன் அப்பன் புத்தி விடுமா, அதைத் தொட்டால் சின்னம் பெரிதாகி விரிந்து பள்ளிப் பாடல் ஒலிக்கிற மாதிரி செய்தேன். நாலு தடவை அமுக்கிக் கேட்டுவிட்டு, விசில் அடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து தீப்பெட்டி பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை பரிசு. இரண்டாவது இடம்! முகப்பின் அழகுக்காகவும், பள்ளிச் சின்னத்தை இணைத்த புதுமைக்காகவும் என்று மேடையில் வாசித்தார்கள். குழுவைக் கூப்பிட்டபோது ஒட்டகம் மட்டும் தனியாக வந்து நின்றான். எனக்குக் கோபம், இவ்வளவு செய்துவிட்டு இன்றைக்குப் பார்த்து வராமல் போனாளே என்று. மைக்கை வாங்கி, எங்க தீப்பெட்டி நனைஞ்சு போச்சு போல, இன்னைக்குப் பத்தலை என்றேன். கூட்டம் கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். அதை நினைக்கும்போதெல்லாம் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அடுத்த திங்கட்கிழமை அவளுடைய அம்மா வந்தார். கம்ப்யூட்டர் அறை வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரலாமா என்று கேட்டார். இடது மணிக்கட்டில் கட்டு. நான் அப்போதும், வாங்கம்மா, பரிசு வாங்கியிருக்கோம் பாத்தீங்களா என்று கப்பைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, நான் கோவமா வரலைங்க சார், பொண்ணுக்குக் கொஞ்ச நாள் லீவு கேக்கத்தான் வந்தேன் என்றார். இரண்டு பேரும் இப்போது அவருடைய அக்கா வீட்டில் இருக்கிறார்களாம், அங்கிருந்து பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டுமாம். பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னார், தளத்தை நாங்கள் முதலில் இணையத்தில் ஏற்றின நாளிலிருந்து மகள் தினமும் அடுப்படியில் வைத்து ஃபோனில் காட்டிக் கொடுத்தாளாம், அம்மா நீ பொறுமையாப் படி, யாராச்சும் வந்தா மேல வலது மூலையில அமுக்கு, மழை வெயில் பக்கம் வந்துடும் என்று. இவரும் கண்ணை மூடிக்கொண்டே அமுக்குகிற அளவுக்குப் பழகி வைத்திருந்தாராம். நான் பட்டனை எடுத்ததற்கு மறுநாள், அந்த ஞாயிற்றுக்கிழமை, உதவி எண் இருக்கிற பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வீட்டுக்காரர் உள்ளே வந்துவிட்டார். பாக்காமலே அமுக்கினேன் சார், பாட்டு வந்துச்சு என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஃபோன் சுவரில் பட்டு உடைந்ததையும் மணிக்கட்டு என்ன ஆனது என்பதையும் பிறகு தலைமையாசிரியைதான் கேட்டுத் தெரிந்துகொண்டார். அவர் ஒரு நிமிஷம்கூட வீணாக்கவில்லை, பிள்ளைகள் தளத்தில் போட்டிருந்த அந்த உதவி எண்ணையே கூப்பிட்டு, அந்த அம்மாவைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார். இப்போது அவர்களுக்கு ஒரு வழி பிறந்திருக்கிறது, அக்கா வீட்டில் பயமில்லாமல் இருக்கிறார்கள். நான் என்ன செய்தேன் என்கிறாய், கப்பைக் கையில் வைத்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். வாத்தியாராம் வாத்தியார். இப்போது அந்தக் கப்பு தலைமையாசிரியை அறை அலமாரிக்கு மேலே இருக்கிறது, அந்தப் பக்கம் போனால் தலையைக் குனிந்துகொண்டு போகிறேன்.

தீப்பெட்டி மறுபடி பள்ளிக்கு வந்த அன்றைக்கு, எந்த வகுப்பு சிரித்ததோ அதே வகுப்பில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். எனக்குத் தெரியாமப் போச்சும்மா, நான் செஞ்சது தப்பு என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்க்காமல், சரி சார், முதல்ல அந்தப் பாட்டை எடுத்துடுங்க என்றாள். எடுத்தேன். பட்டனை அவளே திரும்ப வைத்தாள், மேலே இல்லை, கீழே, கட்டைவிரலுக்குப் பக்கத்தில். மேல இருந்தா ஒரு கையில ஃபோனைப் பிடிச்சிட்டு அமுக்க முடியாது சார், அம்மாவுக்கு இப்ப ஒரு கைதான் என்றாள். அதற்கு மேல் என்னிடம் பேசவில்லை. இன்றைக்கு வரைக்கும் தேவைக்குத்தான் பேசுகிறாள். அது நியாயம்தான்.

பிள்ளைகள் போன பிறகு பட்டன் வேலை செய்கிறதா என்று பார்க்க நான் ஒரு தடவை அமுக்கினேன். தளம் மறைந்தது. இன்று நல்ல வெயில் என்று வந்தது. பாப்பா, அந்த எழுத்தை நான் படிக்கவில்லை, உன் குரலில் கேட்டேன்.

வேலை எப்படி இருக்கும்மா என்று கேட்டால் நீ கலகலவென்று சொல்லிக்கொண்டே வருவாய், நடுவில் சட்டென்று குரல் மாறும், இன்னைக்கு இங்க நல்ல வெயில்பா என்பாய். ஒரு வருஷமாக இப்படித்தான். நான் என்ன செய்தேன், வந்துட்டாங்கய்யா வானிலை அறிக்கை என்று கேலி செய்தேன். ஆசிரியர் அறையில்கூட என் பொண்ணு வானிலை நிலையத்துல சேர்ந்துட்டா என்று சொல்லிச் சிரித்திருக்கிறேன். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றினேன். நீ வெயில் என்று சொன்னதும் நான் விட்டிருக்க வேண்டும். நானோ, வெயிலைத் தூக்கிப் போடு, இப்ப என்னமோ சொல்ல வந்தியே, குரல் வேற ஒரு மாதிரி இருந்துச்சே, அழுதியா என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவேன். நீ ஒண்ணுமில்லப்பா என்பாய். உங்கள் வீட்டில் ஃபோன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும், நம் பேச்சு எல்லாருக்கும் கேட்கட்டும் என்று உன்னைப் பாராட்டியவனும் நான்தான். நீ பட்டனை அமுக்க அமுக்க நான் பாட்டுப் போட்டிருக்கிறேன். முகம் காட்டாமல் கேமரா கெட்டுப்போச்சுப்பா என்று ஒரு மாசம் சொன்னாயே, கம்ப்யூட்டர் வாத்தியார் இல்லையா, அரை மணி நேரம் அதை எப்படிச் சரிசெய்வது என்று உனக்குப் பாடம் எடுத்தேன். முகத்தில் என்ன என்று கேட்கத் தோன்றவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே, பரிசு வாங்கிய அன்றைக்குச் சாயங்காலம். நான் கூப்பிட்டேன், கப்பைப் பற்றி மூச்சு விடாமல் பேசினேன். நான் நிறுத்தின இடத்தில், அப்பா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் என்று மெதுவாக ஆரம்பித்தாய். உடனே, மேகமூட்டமா இருக்குப்பா இங்க என்றாய். பிறகு மாப்பிள்ளை ஃபோனை வாங்கி வாழ்த்துச் சொன்னார். நான் அவரிடம் சிரித்துக்கொண்டே, உங்க வீட்டம்மா என்னமோ சொல்ல வந்து முழுங்கிட்டா, என்னன்னு நீங்களே கேளுங்க மாப்பிள்ளை என்றேன். கேக்கிறேன் மாமா என்றார். அவர் கேட்டது எப்படி இருந்தது கண்ணு? அதற்குப் பிறகு நீ பேசினது ஒரே ஒரு தடவை, நல்லாயிருக்கேன்பா, வேலை இருக்குப்பா, வைக்கிறேன்பா. அந்த ராத்திரி உன் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நினைத்து நினைத்து, நடுராத்திரியில் எழுந்து வாசலுக்கும் அறைக்குமாக நடக்கிறேன். உன்னைப் பெற்ற நான், என் வாயாலேயே உன்னைக் காட்டிக் கொடுத்துவிட்டேனே என்று வெட்கமாக இருக்கிறது. ஊரார் பிள்ளைகளை வைத்து ஊருக்கே பாடம் நடத்தப் போனவன், சொந்தப் பிள்ளையின் குரலைக் கேட்கவில்லை.

அம்மாவிடம் சொன்னபோது அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், கத்தியை அப்படியே வைத்துவிட்டாள். எனக்கும் கொஞ்ச நாளா மனசுல உறுத்திட்டேதான் இருந்துச்சு, அப்பா செல்லமாச்சே, உங்ககிட்ட சொல்லியிருப்பான்னு நெனச்சேன் என்றாள். அம்மாகிட்ட சொல்லியிருப்பா என்று நானும், அப்பாகிட்ட சொல்லியிருப்பா என்று அவளும். இரண்டு பேரும் அன்றைக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தோம். நல்ல இடம், தங்கமான பையன் என்று தேடித் தேடிச் செய்தது நாங்கள்தானே, அதனாலேயே எங்களிடம் சொல்ல வாய் வராமல் இருந்தாயோ என்று அம்மா கேட்டாள். அதற்கு நீ பதில் சொல்ல வேண்டாம். நாங்கள் வெட்கப்படுவது எங்களை நினைத்து. உன்னை நினைத்து இல்லை, ஒரு துளியும் இல்லை.

நான் நினைப்பது எல்லாம் தப்பாகவும் இருக்கலாம். அப்படி இருந்தால் நல்லாத் திட்டு, கிழவனுக்குக் கற்பனை முற்றிப்போச்சு என்று சிரி, சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன், வேறு எதுவும் எனக்கு வேண்டாம். ஆனால் தப்பாக இல்லையென்றால், அந்தச் சின்னப் பெண் எழுதியதைத்தான் நான் சொல்ல வேண்டும், என்னிடம் சொந்தமாக நல்ல வார்த்தை ஒன்றும் இல்லை. நான் நம்புகிறேன். ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று கேட்க மாட்டேன். சத்தம் போட மாட்டேன். மாப்பிள்ளையிடம் நேரடியாகக் கேட்டு நாலு வாங்கு வாங்கலாமா என்று ஒரு வேகம் வரத்தான் செய்தது, அம்மா தடுத்தாள், மறுபடியும் பாட்டைப் போடாதீங்க, அவ எப்ப எப்படிச் சொல்றாளோ அப்படிச் செய்ங்க என்றாள். அதனால் நீ சொல்லாமல் நான் யாரிடமும் எதுவும் பேச மாட்டேன். சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள், யார் என்ன கேட்பார்கள் என்பதெல்லாம் உன் கவலை இல்லை, அதற்குத்தான் இத்தனை நாள் வளர்த்த இந்த வாய் இருக்கிறது, ஒரு தடவையாவது உருப்படியாக உதவட்டும். உன் அறையில் நான் அடைத்து வைத்திருந்த பழைய மானிட்டர்களையும் வயர்களையும் எல்லாம் பள்ளிக்குக் கொடுத்துவிட்டேன். கட்டிலைத் துடைத்து ஜன்னல் பக்கம் போட்டிருக்கிறோம். அம்மா புது உறை போட்டு வைத்திருக்கிறாள், யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

இனிமேல் நீ ஃபோனில் வெயில் என்றால் நானும் வெயிலைப் பற்றித்தான் பேசுவேன். மேகம் என்றால் மேகம். ஒரு கேள்வி கேட்க மாட்டேன், மாப்பிள்ளையைக் கூப்பிடச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று. என்றைக்காவது, எந்த நேரமானாலும், யார் பக்கத்தில் இருந்தாலும், அப்பா அங்க மழையா என்று நீ கேள். அது போதும். இங்கே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தாலும், ஆமாம்மா, விடாமப் பெய்யுது என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். வைத்த கையோடு அம்மாவும் நானும் கிளம்பிவிடுவோம். வீட்டுக்கு வர மாட்டோம், நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி வாசலுக்குத்தான் வருவோம். மேலே என்ன என்று அங்கே உட்கார்ந்து நீ சொல்லு, நாங்கள் கேட்கிறோம்.

நேரத்துக்குச் சாப்பிடு. கைச்செலவுக்கு வைத்திருப்பதை வேலையிடத்திலேயே வை. உன் சான்றிதழ்களையும் அங்கேயே கொண்டுபோய் வைத்துக்கொள், இதுவும் அந்தப் பிள்ளை எழுதியதுதான். இந்தக் கடிதத்தை வீட்டுக்கு எடுத்துப் போகாதே, படித்ததும் அங்கேயே கிழித்துப் போட்டுவிடு. அப்பா எழுதின கடிதத்தைக் கிழிப்பதா என்று யோசிக்காதே, இதில் இருக்கிறதை எல்லாம் நேரில் சொல்லவும் எனக்கு வாய் இருக்கிறது. நீ நன்றாக இருக்க வேண்டும் கண்ணு, முதலில் அது, மற்றதெல்லாம் அதற்குப் பின்னால். அம்மா உன் தலையைத் தடவிக் கொடுத்ததாக எழுதச் சொல்கிறாள்.

ஃபோனை இப்போதெல்லாம் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன், வகுப்பில்கூட. மணி அடித்தால் எடுத்துவிட்டு முதலில் நான் பேச மாட்டேன். நீ பேசுகிற வரைக்கும் காத்திருப்பேன்.

இப்படிக்கு,
வாயை மூடிக்கொண்டு கேட்கப் பழகுகிற
உன் அப்பா